கொக்கி போட்ட மோட்டார்

"ஓடிப்போறவ கையில அரமும் சுத்தியும் எடுத்துக்கினு போவாளாடி? எவளாவது அப்படிப் போயி நீ பாத்துருக்கியா?" என்று கேட்டேன்.

மாவு மில்லில் டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் நின்றிருந்தோம். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சந்திரகலா என் எதிர்வீட்டுக்காரி. யார் வீட்டில் எந்த அறையில் விளக்கு எரிகிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். மிளகாய் டப்பாவின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "எனக்கு இன்னாக்கா தெரியும்? கண்ணால பாத்தத சொன்னேன். பள்ளிப்பட்டு ஆளு வண்டியில முன்சீட்ல ஏறிக் குந்திக்கினு போனா. புருஷன்காரன் ஊட்லதான் இருந்தான்."

"அந்த ஆளுக்கு அறுவத்திரண்டு வயசு. முன்பல்லு ரெண்டும் இல்ல."

"பல்ல வெச்சா குடும்பம் நடத்துறாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மில்காரனும் சிரித்தான். அவனுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது. எல்லோரும் சிரித்தால் சிரிக்கிற ஆள் அவன்.

என் மருமகள் ஜோதிலட்சுமி வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்தத் தெருவில் மூன்று கதை ஓடுகிறது. விவசாயி ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று ஒன்று. பட்டறையில் பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கொண்டாள் என்று ஒன்று. மாமியார்க்காரி விரட்டிவிட்டாள் என்று மூன்றாவது. மூன்றையும் ஒரே வாய்தான் சொல்கிறது, கேட்பவர்களுக்குத் தகுந்தபடி. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தெருவில் அவ்வளவு யோசிக்கிற ஆட்கள் இருந்தால் நான் ஏன் இதைச் சொல்லப்போகிறேன்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். என் வாயில் வராததைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜோதிக்குத் திருப்பாச்சூர். அப்பா கொத்தனார். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்தாள். அந்த வகுப்பில் பெண்கள் மூன்று பேர்தானாம். என் மகன் முரளிக்குக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நல்ல வெயில் காலம். கூடத்து ஃபேன் சோம்பேறி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அப்படித்தான். முரளி அதன் கீழே படுத்துக்கொண்டு, "காத்தே வரல, காத்தே வரல" என்று புலம்புவானே தவிர எழுந்து பார்த்தவன் இல்லை. கல்யாணமான மூன்றாம் நாள் ஜோதி ஸ்டூல்மேல் ஏறினாள். "கண்டென்சர் போயிடுச்சு அத்தே" என்று சொல்லி, கடையில் ஒன்று வாங்கிவரச் செய்து மாற்றினாள். ஃபேன் பறந்தது. முரளி அன்றைக்கும் அதன் கீழேதான் படுத்திருந்தான். "கொஞ்சம் ஸ்லோவா வெய்யி, தலைவலிக்குது" என்றான்.

புதுப்பெண் ஸ்டூல்மேல் ஏறினாள் என்று அன்றைக்கும் சந்திரகலா பேசினாள். இன்றுவரை அவள் வீட்டு ஃபேன் தள்ளிவிட்டால்தான் சுற்றும்.

முரளி வேலை பார்த்த பட்டறையிலேயே ஜோதியும் சேர்ந்தாள். சிப்காட்டுக்குப் பின்பக்கம், தகரக் கொட்டகை போட்ட இடம். விவசாயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்கிறார்கள். முதலாளி ராஜவேலு. முரளிக்கு, செய்த மோட்டாரை வண்டியில் ஏற்றி அனுப்புகிற வேலை. மோட்டாரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். அந்த இடத்தில், ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி ஜோதியை நிறுத்தினான் ராஜவேலு. பெண் என்றால் சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம், சொன்னபடி கேட்பாள் என்று நினைத்தான். முதல் கணக்கு சரியாக இருந்தது.

அந்த வேலை என்னவென்று ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். ஓடுகிற மோட்டாரின் உருளையைச் சுற்றி ஒரு வார் போட்டு இறுக்குகிறாள். வாரின் நுனியில் தராசு தொங்குகிறது. இறுக்க இறுக்க மோட்டார் முக்குகிறது. வார் கருகி நாறுகிறது. இவள் ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் எழுதுகிறாள்: தராசு எத்தனை கிலோ காட்டுகிறது, மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த மோட்டாருக்கு எத்தனை குதிரை பலம் என்று தெரிந்துவிடுமாம்.

"இதுல குதிரை எங்கடி இருக்குது?" என்றேன்.

"ஊட்டுக்கு வாங்க அத்தே, சொல்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. கீழே இருந்து குடத்தில் எடுத்துப் போய் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். நான் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்ததும், "பத்து செகண்டு" என்றாள். ஏதோ விரலை மடக்கி மனசுக்குள் பெருக்கினாள். "குடம் பதினஞ்சு கிலோ. மாடி மூணு மீட்டரு. நீங்க நாப்பத்தி நாலு வாட்டு அத்தே."

"வாட்டுன்னா?"

"ஒரு பாரத்த எவ்ளோ வேகமா தூக்குறோம்னு அளக்கறது. சும்மா தூக்கறது இல்ல, எவ்ளோ நேரத்துல தூக்கறோம்ன்றதுதான் கணக்கு."

"அப்ப நம்ம ஃபேன் எவ்ளோ?"

"எழுவத்தஞ்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த சிப்காட்டில் நிற்கிற சுவர்களில் எத்தனையோ சுவருக்கு மண்ணும் கல்லும் தலையில் சுமந்தவள் நான். "மோட்டுவளையில மாட்டிக்கினு சொம்மா சுத்துற ஃபேனை விட நான் கம்மியா? போடி, நீயும் உன் வாட்டும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இருங்க இருங்க. குடத்த மட்டும்தான சேத்தேன். உங்க ஒடம்பையும் சேத்துதான மேல தூக்கினு வந்தீங்க? நீங்க ஒரு அம்பது கிலோ இருப்பீங்களா? அதையும் சேத்தா நூத்தித் தொண்ணூறு வருது. கால் குதிரை!"

நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தேன். நான் தூக்கிய கல்லை எண்ணிய மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கல்லோடு சேர்த்து இந்த உடம்பையும் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன் என்பதை ஒரு மேஸ்திரியும் கணக்கில் வைத்தது இல்லை. நேற்று வந்த பெண் வைத்தாள்.

அப்போதுதான் குதிரைக் கதையைச் சொன்னாள். வாட் என்பது ஒரு ஆளின் பேராம். வெள்ளைக்காரத் தேசத்தில் நீராவி இன்ஜின் செய்து விற்றவராம்.

"அப்போ சுரங்கத்துல, ஆலையில எல்லாம் குதிரைதான் அத்தே இழுக்கும். இன்ஜின் வாங்க வர்றவன், ‘இது எத்தினி குதிரைக்குச் சமம்?’னுதான கேப்பான்? அவரு ஆலையில சுத்தி வர்ற குதிரைய வெச்சு கணக்கு போட்டாரு. எவ்ளோ பாரம், எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்னு. ஒரு எழுவத்தாறு கிலோவ ஒரு செகண்டுல ஒரு மீட்டர் தூக்கினா ஒரு குதிரைன்னு வெச்சுக்கங்க."

"விக்கறவனும் அவன், அளவு போடறவனும் அவனா? நல்லா இருக்குதே நியாயம்! நம்ம ரேஷன் கடக்காரன் கூட கெவுருமெண்டு தராசுதான் வெச்சிருக்கான்."

"அதான் விசேஷம். சாதாரண குதிரை நாள் முழுக்க அவ்ளோ இழுக்காதாம், ஐடிஐல எங்க சார் சொல்வாரு. அளவ தூக்கித்தான் வெச்சிருக்காரு. பத்து குதிரைன்னு நம்பி வாங்கினவனுக்கு பத்துக்கு மேலதான் கெடைக்கும், கொறையாது. அவரு செத்து அறுவது வருஷத்துக்கு அப்பால அவரு பேரையே அளவுக்கு வெச்சாங்க. ஒரு குதிரைக்கு எழுநூத்தி நாப்பத்தாறு வாட்டு. ஒவ்வொரு பல்புலயும் அந்த ஆளு பேரு இருக்குது பாருங்க."

விற்கிறவன் கூடுதலாகக் கொடுத்தான் என்பதை நான் அப்போதும் நம்பவில்லை, இப்போதும் முழுசாக நம்பவில்லை. அவனுக்கும் அதில் ஏதாவது இருந்திருக்கும். ஆனால் ஜோதி நம்பினாள். அதுதான் இங்கே விஷயம்.

மாவு மில்லில் அன்றைக்கு சந்திரகலா, "எங்க ஊட்ல ரெண்டு மாசத்துக்கு முன்னூறு வாட்டு ஓடிடுச்சுக்கா" என்றும் சொன்னாள். வாட் ஓடாது. ஓடுவது யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். கைநாட்டு எனக்கு அது தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படித்த அவளுக்குத் தெரியாது. என் மருமகளைப் பற்றி மட்டும் எல்லாம் தெரியும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு தகடு. அதில் மேலே குதிரைத் தலை படம், கீழே எத்தனை குதிரை பலம், எத்தனை வாட் என்று எண்கள். மூலையில் சின்னதாக ஒரு காலிக் கட்டம். சோதித்த ஆள் தன் பேரின் முதல் எழுத்தை அந்தக் கட்டத்தில் எழுத்து உளியால் அடிக்க வேண்டும். உளியின் நுனியில் எழுத்து வெட்டியிருக்கும். சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் தகட்டில் பதிந்துவிடும். ஜோதி தன் பேருக்குச் சொந்தமாக ஒரு உளி வாங்கி வைத்திருந்தாள். ஜே என்கிற இங்கிலீஷ் எழுத்து. கொக்கி மாதிரி இருக்குமாம்.

நாலு வருஷத்தில் அந்தக் கொக்கிக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் பேர் வந்துவிட்டது. கொக்கி போட்ட மோட்டார் சொன்ன அளவுக்குத் தண்ணீர் தள்ளும் என்று ஒருவர் சொல்லி ஒருவர் வாங்கினார்கள். கடையில் வந்து, "கொக்கி போட்டது குடு" என்று கேட்கிறார்கள் என முரளியே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். கொக்கி கொக்கி என்று காதால் கேட்டிருக்கிறேனே தவிர, நான் அதைக் கண்ணால் பார்த்தது இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாசி மாதம் பள்ளிப்பட்டுக் கடையிலிருந்து நாற்பது மோட்டார் கேட்டிருந்தார்கள். இரண்டு குதிரை. ராஜவேலு உள்ளே சுற்றுகிற செம்புக் கம்பியில் கையை வைத்தான். கம்பியைக் குறைத்தால் பலமும் குறையும். ஜோதி வாரைப் போட்டு இறுக்கிப் பார்த்தாள். ஒன்றரைக் குதிரைக்குமேல் ஒன்றுகூடத் தாங்கவில்லை. நாற்பதையும் ஓரமாக நகர்த்தி, சாக்பீஸால் ஒன்றரை என்று எழுதி வைத்துவிட்டாள்.

"ஒன்றரைன்னு தகடு போட்டு ஒன்றரை வெலைக்கு வித்துக்கங்க சார். கொக்கி போடறேன்" என்று சொன்னாளாம்.

"ரெண்டுன்னு போட்டாத்தாம்மா ஆர்டரு. நீ இன்னா கவர்மெண்டா?" என்று கேட்டானாம் ராஜவேலு.

"உங்க தகட்டுல நீங்க இன்னா வேணா போட்டுக்கங்க. என் எழுத்து வராது."

எழுத்து இல்லாமல் அந்தக் கடைக்காரன் எடுக்க மாட்டான். அந்த வாரக் கடைசியில் ஜோதி அம்மாவைப் பார்க்கத் திருப்பாச்சூர் போனாள். உளியும் சுத்தியும் இருந்த பை வீட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முரளி ஒரு அரிசிப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினான். எல்லாம் தகடு.

"எம்மா, கம்பெனி மார்க்கு அடிக்கணும். இந்தா உளி. மூலையில கட்டம் இருக்குது பாரு, அதுல ஒரு தட்டு. எனக்குக் கை வலிக்குது" என்றான்.

நான் பெற்ற பிள்ளைக்குக் கை வலித்தது. நம்பினேன். வீட்டில் உட்கார்ந்து இப்படி சில்லறை வேலை செய்வது எனக்கு ஒன்றும் புதிது இல்லை. அம்மிக்கல்லின்மேல் தகட்டை வைத்தேன். முதலில் எண்ணெய் டின் மூடியில் ஒரு தட்டுத் தட்டி, என்ன மாதிரி விழுகிறது என்று பார்த்தேன். நீளமாக ஒரு கோடு, முனையில் ஒரு வளைவு. பார்த்ததும் தெரிந்துவிட்டது: கைத்தடி! என் மாமனார் ஒன்று வைத்திருந்தார். கைத்தடி என்றால் பிடி மேலே, கால் கீழே. தகட்டில் குதிரையின் காது இருக்கிற பக்கம் மேல்பக்கம். குதிரையின் காதைப் பார்த்து, கைத்தடியின் பிடியை மேலே வைத்து, ஒவ்வொன்றாக அடித்தேன். நாற்பது. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

முரளி செல்போனில் பேசிக்கொண்டே எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு போனான். அவன் பத்தாவது வரைக்கும் படித்தவன். பார்க்கவில்லை. பட்டறையில் தகட்டை மோட்டாரில் பதித்தவன் படித்தவன். பார்க்கவில்லை. ராஜவேலு காலேஜே படித்தவன். அவன் எண்ணி மட்டும் பார்த்தான். இத்தனை படிப்பாளிகள் கையைத் தாண்டி அந்த நாற்பது மோட்டாரும் பள்ளிப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஊரிலிருந்து திரும்பிய ஜோதி, சாக்பீஸ் போட்ட மோட்டார்கள் எங்கே என்று கேட்டாள். பிரித்து வேறு கம்பி சுற்ற வெளியே அனுப்பியிருக்கிறது என்றான் முரளி. புருஷன் சொன்னான் என்று அவளும் நம்பினாள். ஒரே ஆளிடம் நாங்கள் இரண்டு பேரும் ஏமாந்தோம்.

சித்திரையில் வந்தார் முனுசாமி. பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போட்டவர். கொக்கி போட்டதாகப் பார்த்து வாங்கிப் போர்க்கிணற்றில் வைத்த மோட்டார் தண்ணீரை மேலே கொண்டுவர முக்கி முக்கி, ஒரு மாதத்தில் கருகிவிட்டது. ஒன்றரை ஏக்கர் காய்ந்துவிட்டது. கருகின மோட்டாரைக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். ராஜவேலு என்ன செய்தான்? தகட்டின் மூலையைக் காட்டி, "பாருங்க, டெஸ்ட் பண்ண பொண்ணோட மார்க்கு. அது பண்ண தப்பு" என்று கையைக் கழுவிவிட்டான். அன்று ஜோதிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அதனால் எல்லோரும் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்: ராஜவேலு, முரளி, பின்னால் முனுசாமி. வாசலுக்கு வெளியே, கூப்பிடாமலே, சந்திரகலா.

ராஜவேலு டைப் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். "ஒரு கையெழுத்து போட்டுடும்மா. தராசு தப்பா காட்டிடுச்சு, கவனிக்கலன்னு எழுதியிருக்குது. பெரியவருக்கு வேற மோட்டார் குடுத்துடறேன். வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

ஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. முனுசாமி மஞ்சள் பையிலிருந்து தகட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை அந்த மனிதர். "டப்பு போனா போவுதும்மா, காசுதான. எங்க ஊர்ல உன் கொக்கிய காட்டித்தான் நான் நாலு பேருக்கு வாங்கிக் குடுத்தேன். அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன் சொல்லு" என்றார்.

ஜோதி தகட்டைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி நேராக வைத்தாள்.

"இது நான் அடிச்சது இல்ல. தலகீழா இருக்குது."

"அவசரத்துல மாத்தி அடிச்சிருப்ப" என்றான் ராஜவேலு.

"நாலு வருஷத்துல ஒண்ணு கூட மாத்தி அடிச்சது இல்ல சார். உங்களுக்கே தெரியும்."

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். குதிரைத் தலை. காது மேலே. மூலையில் என் மாமனார் கைத்தடி.

நிமிர்ந்து முரளியைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காதே என்று கண்ணைச் சுருக்கினான். சின்ன வயதில் அடுத்த வீட்டுக் கொய்யாவைத் திருடி மடியில் வைத்துக்கொண்டு இதே மாதிரிதான் பார்ப்பான். அப்போது நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயைத்தான் முதலில் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

"நான்தான் அடிச்சேன்" என்றேன். "மாசி மாசம், ஞாயித்துக்கெழம. இந்த அம்மி மேல வெச்சு. கைத்தடின்னு நெனச்சேன்."

"எம்மா! உனக்கு இன்னா தெரியும், சொம்மா இரு!" என்று கத்தினான் முரளி.

ராஜவேலு சிரித்தான். "மருமகளக் காப்பாத்த மாமியாரு நல்லா பேசுறாங்க. எழுத்தே தெரியாத கெழவி எழுத்து அடிச்சாங்களாம்."

"தெரியாததாலதான்டா தலகீழா அடிச்சேன்" என்றேன். உள்ளே போய் ஜோதியின் பையிலிருந்து உளியையும் சுத்தியையும் எடுத்துவந்தேன். முனுசாமியிடம் அந்தத் தகட்டை வாங்கி அம்மியில் வைத்து, குதிரையின் காதைப் பார்த்து, பழைய கைத்தடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று அடித்தேன். இரண்டும் ஜோடியாக நின்றன. எடுத்து ராஜவேலுவின் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தான்.

முனுசாமி வாங்கிப் பார்த்தார். பிறகு முரளியைப் பார்த்து, "பெத்தவ கையால செய்ய வெச்சியா நைனா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில்தான் சந்திரகலா, ‘பட்டறையில் பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கொண்டாள்’ என்ற கதையைப் பிடித்துக்கொண்டு போனது.

ராஜவேலு கடைசியில், "யாரு அடிச்சா இன்னா? மார்க்கு உன்னுது. கையெழுத்து போட்டா முடிஞ்சிடும்" என்றான்.

"இவருக்கு வேற மோட்டார் குடுப்பீங்க. மிச்சம் முப்பத்தொம்பது?" என்று கேட்டாள் ஜோதி.

"கேட்டு வந்தா பாத்துக்கலாம்."

ஜோதி காகிதத்தை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். நாளைக் காலைக்குள் யோசித்துச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனான். முனுசாமி, மீஞ்சூரில் தங்கை வீடு இருக்கிறது, காலையில் வந்து கருகின மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்றார்.

அன்று ராத்திரி ஜோதிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடிந்ததும் முரளி ஆரம்பித்தான். "கையெழுத்து போட்டா ரெண்டு பேருக்கும் வேல இருக்குது. இல்லன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. ஒரு எழுத்து! ஒரே ஒரு எழுத்துக்கு இவ்ளோ பேஜாரா?"

"அந்த ஒரு எழுத்த நீ ஏன் என் பையிலேர்ந்து எடுத்த?" என்று கேட்டாள் ஜோதி.

"கையெழுத்து போடலன்னா இந்த ஊட்ல உனக்கு எடம் இல்ல!" என்றான்.

"ஊடு என் பேர்ல இருக்குதுடா. எடம் இல்லாதது உனக்குத்தான்" என்றேன். "நீ இருடி. இவன் போவட்டும்."

"வாணாம் அத்தே. அவரு உங்க புள்ள. நான் இவரு இருக்கற ஊட்ல பைய வெச்சுட்டு நிம்மதியா வேலைக்குப் போவ முடியாது. அதுவும் இல்லாம எனக்குப் பள்ளிப்பட்டுல வேல இருக்குது" என்றாள்.

"அங்க இன்னா வேல?"

"கடக்காரருகிட்ட வாங்கினவங்க பேரெல்லாம் இருக்குது. நேத்து போவும்போது முனுசாமி தாத்தா வழி காட்டறேன்னாரு. ஒவ்வொரு மோட்டாரா பாத்து என் எழுத்த அரத்தால ராவி எடுத்துட்டு, ஒன்றரைன்னு சொல்லிட்டு வரணும். அப்பால அவங்க ராஜவேலு சார வந்து கேட்டுக்கட்டும்."

அவள் பையில் சேலைகளை வைத்தாள். அரத்தை வைத்தாள். தன் சொந்தக் காசில் வாங்கியிருந்த தராசைத் துணியில் சுற்றி வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அத்தே" என்றாள், பையைக் கட்டிக்கொண்டே. "எத்தினி அடிச்சீங்க?"

"நாப்பது. கூடக் கொறச்சல் இல்ல."

"எல்லாமே இதே மாதிரிதானா?"

"ஒண்ணு கூட கோணல் இல்ல. எல்லாத்துலயும் பிடி மேலதான்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜோதி சிரித்தாள். நேற்றிலிருந்து முதல் முறையாக. "அப்ப தேட கஷ்டமே இல்ல அத்தே. நான் அடிச்சது நேரா இருக்கும், நீங்க அடிச்சது தலகீழா இருக்கும். கண்ண மூடிக்கினு தடவினாலே தெரிஞ்சிடும்."

நானும் வருகிறேன், அடித்தவள் நான்தானே, நானே ராவுகிறேன் என்றேன். வெயிலில் முட்டி வலிக்கும், வேண்டாம் என்றாள். "மெட்ராசுக்கு அந்தாண்ட வேல கெடைச்சதும் ஃபோன் பண்றேன். வந்து பாருங்க. மாடிப்படி இருக்கற ஊடா புடிக்கிறேன்."

வெளியே குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் கருகின மோட்டாருக்குக் கயிறு கட்டியிருந்தது. அதற்கு மேல் ஏற இடமில்லை, முன்சீட்டில்தான் உட்கார முடியும். எதிர்வீட்டு ஜன்னலில் சந்திரகலா தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தை வாரிக்கொண்டிருந்தாள்.

ஜோதி வாசல் வரைக்கும் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மனசு மாறிவிட்டாளோ என்று முரளி தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் அவனைத் தாண்டி வந்து அம்மிக்குப் பக்கத்தில் குனிந்தாள். நேற்று நான் போட்ட இடத்திலேயே உளியும் சுத்தியும் கிடந்தன. எடுத்துத் துடைத்தாள்.

"இது என்னுது அத்தே" என்றாள்.

"உன்னுதுதான். எடுத்துக்கோ" என்றேன்.

முரளி கூடத்தில் மறுபடி படுத்துவிட்டான். எழுபத்தைந்து வாட் ஃபேன் அவனுக்காக மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஜோதி சுத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போனாள்.